கண்மையும் நல்லவெண்ணெயும்

சென்ற ஞாயிறு காலை, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் குளியலறைக் கண்ணாடியின் முன்னால் நான் ஒரு விவாதத்தில் தோற்றுக்கொண்டிருந்தேன். எதிரணியில் இருந்தவை – என் இரண்டு இமைகள்.

முந்தைய நாள் தெஹிவளையில் மாமாவின் மகனுக்குக் கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளையின் தங்கை நிரோஜா எனக்கு மச்சாள். தூரிகை கையில் கிடைத்துவிட்டால் எவரையும் விட்டுவைக்காதவள். என்னைக் கதிரையில் இருத்தி, ஐலைனர், மஸ்காரா என்று அடுக்கடுக்காகத் தீட்டினாள். "வோட்டர்ப்ரூஃப் அடி. நீ அழுதாலும் அசையாது" என்றாள்.

அதை வாக்குறுதி என்று எண்ணிவிட்டேன். எச்சரிக்கை என்பது விடிந்த பிறகே விளங்கிற்று.

காரணம், அன்று பிற்பகல் கொட்டாஞ்சேனையில் விவாதப் போட்டியின் இறுதிச் சுற்று. எங்கள் அணிக்கு நானே தலைவி. தலைப்பு: 'இன்றைய பெண்ணுக்கு ஒப்பனை தேவையே'. நாணயத்தைச் சுண்டியபோது எங்களுக்கு விழுந்ததோ மறுப்பு அணி! தேவையில்லை என்று முழங்க வேண்டியவள், கண்ணைச் சுற்றிக் கரிய வேலி கட்டிக்கொண்டு மேடை ஏறலாமா? வாய் திறக்கும் முன்பே கண்கள் எதிரணிக்கு வாக்களித்துவிடுமே!

முதலில் சவர்க்காரம் போட்டேன். நுரை வந்தது, கண்ணீர் வந்தது, மை மட்டும் வரவில்லை. இமையில் இருந்ததில் ஒரு பகுதி கன்னத்துக்குக் குடிபெயர்ந்தது, அவ்வளவுதான்.

இதற்கென்றே மேக்கப் ரிமூவர் என்று ஒன்று விற்கிறார்கள், அறிவேன். கொள்ளுப்பிட்டிக் கடையொன்றில் அதன் விலைச்சீட்டைப் படித்து, தூங்கும் குழந்தையைக் கிடத்துவது போல மெல்ல இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தவள் நான். ஆகவே மச்சாளுக்கு ஒரே சொல்லில் செய்தி அனுப்பினேன்: 'காப்பாற்று.'

பதில் வொய்ஸ் நோட்டாக வந்தது. பின்னணியில் பாத்திரச் சத்தம், பிள்ளைகளின் கூச்சல், யாரோ கதிரை இழுக்கும் ஓசை. நடுவே அவள் குரல்: "நல்லவெண்ணெய் பூசி, கொஞ்ச நேரம் விட்டிட்டுத் துடை."

வாசகப் பெருமக்களே, என்னைக் கவிழ்த்தது என் பயிற்சிதான். மேடைத் தமிழ் கற்றவள், காதில் விழுந்த சொல்லைப் பிரித்துப் பார்க்காமல் இருப்பாளா? பிரித்தேன். நல்ல... வெண்ணெய்! என்ன தூய தமிழ்! மச்சாளும் திருந்திவிட்டாளே என்று உள்ளம் பூரித்தேன். பூரித்த உள்ளத்தோடு ஃப்ரிட்ஜைத் திறந்தேன்.

உப்புப் போட்ட பட்டர் கண்ணுக்குள் போனால் என்ன நிகழும்? அதை வருணிக்க நீண்ட சொற்றொடர்கள் தேவையில்லை. 'ஐயோ' போதும். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அம்மா ஓடி வந்தார். "என்னடி சத்தம்? பட்டரையும் காணேல்லை. அப்பா பாணோட காத்துக்கொண்டிருக்கிறார்."

"அது என்ர கண்ணில இருக்கு, அம்மா."

அம்மா குனிந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அவ்வளவுமோ?"

தண்ணீரை அள்ளி அள்ளி அடித்துவிட்டு, தட்டுத் தடுமாறி மச்சாளை அழைத்தேன்.

"வெண்ணெயோ? நான் எங்கயடி அப்பிடிச் சொன்னனான்? நல்ல எண்ணெய் எண்டனான்! வீட்டில சுத்தமா இருக்கிற தேங்காயெண்ணெய்!"

"நல்ல என்பதும் எண்ணெய் என்பதும் சேர்ந்தால் நடுவில் வகரம் தோன்றும். நல்லவெண்ணெய். பிழை என்னுடையது அல்ல, புணர்ச்சி விதியுடையது."

"விசரி! பட்டர் எண்டா நான் பட்டர் எண்டுதான் சொல்லியிருப்பன். இந்தக் கொழும்பில ஆரடி வெண்ணெய் எண்டு கதைக்கிறது – உன்னைத் தவிர?"

தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்தேன்.

பிறகு அவள் சொன்னபடி செய்தேன். பஞ்சில் தேங்காயெண்ணெய் தொட்டு, கண்ணை மூடி, இமை மேல் வைத்து மெல்ல அழுத்தினேன். "உரஞ்சாதை! அது அடிப்பிடிச்ச சட்டியில்லை" என்று தொலைபேசியில் அதட்டினாள். சற்றுப் பொறுத்துக் கீழ்நோக்கி வழித்தால்... அடடா! சவர்க்காரத்துக்கு வளையாத மை, வெட்கப்பட்டதுபோல் வழுக்கிக்கொண்டு வந்தது. இமையோரத்தில் எஞ்சியதைக் காதுக் குச்சியின் நுனியில் எண்ணெய் தொட்டு எடுத்தேன். பிசுக்குப் போக முகம் கழுவினேன். சமையலறையிலேயே இருந்த பொருள்!

மை போயிற்று. கண்கள் மட்டும் செவ்வரத்தம் பூவாய்ச் சிவந்து நின்றன. மிச்சம் ஏதும் கசிந்தால் துடைக்கச் சொல்லி, அம்மா ஒரு குட்டிப் போத்தலில் எண்ணெய் ஊற்றி என் பையில் வைத்தார்.

கொட்டாஞ்சேனை மண்டபம் நிரம்பியிருந்தது. மை தீட்டிய கண்களோடு ஆதரவு அணியின் தலைவி எழுந்தார்.

"நடுவர் அவர்களே! மறுப்பு அணித் தலைவியின் கண்களைப் பாருங்கள். அழுத கண்கள்! ஒரே ஒரு கோடு மை தீட்டியிருந்தால், அவர் துயரம் இந்தச் சபைக்குத் தெரிந்திருக்குமா? ஆகவே, ஒப்பனை தேவையே!"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. காலை முழுவதும் பாடுபட்டு நான் துடைத்தெறிந்தேனே... துடைத்த இடமே எனக்கு எதிரான சான்றாகிவிட்டது!

தயாரித்த குறிப்புகளை மடித்து வைத்தேன். "நடுவர் அவர்களே, இவை அழுத கண்கள் அல்ல. வெண்ணெய் உண்ட கண்கள்!"

சவர்க்காரத்தில் தொடங்கி, புணர்ச்சி விதி, அப்பாவின் வெறும் பாண் வரை அத்தனையும் சொன்னேன். சபை குலுங்கியது. எதிரணித் தலைவியே கைக்குட்டையால் கண்களை ஒற்றிக்கொண்டார். "பூசிவிட ஒருத்தி போதும், சபையோரே! அகற்றுவதற்கோ ஒரு குடும்பமே வேண்டியிருக்கிறது! ஆகவே..."

மணி அடித்தது.

அந்த 'ஆகவே'க்குப் பின்னால் மை கடைசியில் எதனால் போயிற்று என்பதும் என் முடிவுரை முழுவதும் இருந்தன. சொல்ல வாய்க்கவில்லை. முடிவுரை இல்லாததற்குப் புள்ளிகளைக் குறைத்தார்கள். மயிரிழையில் வெற்றிக் கிண்ணம் எதிரணிக்குப் போயிற்று. "வாதம் சுவை. ஆனால் நேரம் வெண்ணெயாய் உருகிவிட்டது" என்றார் நடுவர். அவருக்கும் கைதட்டினார்கள்.

முகம் கழுவப் போனேன். அங்கே கண்ணாடியின் முன் வெற்றி பெற்ற தலைவி. கிண்ணம் கைகழுவும் தொட்டியின் ஓரத்தில். சிரித்த சிரிப்பில் மை கரைந்து, இரண்டு கன்னங்களிலும் கறுப்பு வாய்க்கால்கள். டிஷ்யூவால் உரசு உரசு என்று உரசிக்கொண்டிருந்தார்.

"ஐயோ, இது போகுதில்லையப்பா! ஃபோட்டோ எடுக்கக் கூப்பிடுறாங்கள். எல்லாம் உங்கட கதையால வந்தது. உண்மையைச் சொல்லுங்கோ... பட்டர் பூசினாப் போகுமோ?"

ஒரு கணம் – ஒரே ஒரு கணம்தான் – 'போகும்' என்று சொல்ல என் நா துடித்தது.

பையைத் திறந்து குட்டிப் போத்தலை நீட்டினேன்.

"தேங்காய்," என்றேன். புணர்ச்சி விதிக்கு இடம் கொடாமல் ஒரு மூச்சு விட்டேன். "எண்ணெய்."