கடல் வரவில்லை, கேஸ்தான்

தஞ்சாவூரில் என் தொழிலைச் செய்வதைவிட, அது என்ன தொழில் என்று விளக்குவது கஷ்டம். "கேஸ் டிடெக்டர் மாட்டறேன்" என்றால் பாதிப் பேர் சிலிண்டர் போடுகிற ஆள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மீதிப் பேர் வயிற்றைத் தடவி, "சாப்பிட்டா நெஞ்சுல வந்து அடைக்குது, அதுக்கு ஏதும் மெஷின் இருக்கா?" என்று கேட்கிறார்கள். என் மாமனார் ஒரு கல்யாணத்தில், "மாப்பிள்ளை கேஸெல்லாம் பாக்கறாப்ல" என்று என்னை அறிமுகப்படுத்தினார். நான் மறுக்கவில்லை. வக்கீல் என்று நம்பி முதல் பந்தியில் உட்காரவைத்தார்கள்.

உண்மையில் நான் பார்ப்பது மூன்று நான்கு விதமான வாயுக்களை. நெல் குடோனில் வண்டுக்கு மாத்திரை வைத்து மூடுவார்களே, அதிலிருந்து வருவது ஒன்று. ஓட்டல் சமையல்கட்டில் சிலிண்டர் கேஸ். கடற்கரைப் பக்கத்து ஐஸ் கம்பெனிகளில் அம்மோனியா. ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபாவம். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். அதற்குக் கருவியைக் கணுக்கால் உயரத்தில் மாட்ட வேண்டும். அம்மோனியா லேசானது, கூரையைப் பார்த்து ஏறும். அதற்கு மேலே மாட்ட வேண்டும். வாசலோரமாக மாட்டினால் கருவி வெளிக்காற்றையே முகர்ந்து, உள்ளே ஆள் செத்தாலும் 'யாவரும் நலம்' என்று சொல்லிக்கொண்டிருக்கும். நான் படித்த புத்தகங்கள் ஓர் அலமாரிக்கு மேல் இருக்கும். சோறு போடுவது என்னவோ இந்த ஐந்து வரிதான்.

பூம்புகார்ப் பக்கம் மீன் இறங்குதளத்தை ஒட்டிய ஐஸ் கம்பெனி ஒன்றில் மாட்டுவதற்குக் கூப்பிட்டிருந்தார்கள். கம்ப்ரஸர் அறையில் ஒரு ஆபரேட்டர் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், அந்த அறையிலேயே வாழ்நாளில் பாதியைக் கழித்தவர். நான் அளந்துகொண்டிருந்தபோது அவர் கம்ப்ரஸரிலிருந்து பழைய எண்ணெயை வடித்தார். கூடவே கொஞ்சம் அம்மோனியாவும் வந்தது. எனக்குக் கண்ணிலும் மூக்கிலும் ஒரே சமயத்தில் தண்ணீர் கொட்டியது. அவர் என்னை அனுதாபமாகப் பார்த்தார்.

"என்ன சார், வீட்டுல ஏதும் பிரச்சினையா?"

"உங்களுக்கு வாசம் வரலையா?"

"வாசமா? ஒண்ணும் வரலையே."

அவர் சும்மா சொல்லவில்லை. அம்மோனியாவோடு பழகிய மூக்கு அப்படித்தான் ஆகிவிடும். குழாய் எங்காவது விட்டுக்கொண்டால், அந்த அறையில் கடைசியாகத் தெரிந்துகொள்கிற ஆள் அவராகத்தான் இருப்பார். ஆகவே கம்ப்ரஸருக்கு மேலே, கூரைக்குச் சற்றுக் கீழே, அவருடைய மூக்குக்குப் பதிலாக ஒரு மூக்கு என்று நினைத்தே கருவியை மாட்டினேன்.

சத்தம் போடுகிற ஹூட்டரை முதலாளியே சீர்காழியில் வாங்கி வந்திருந்தார். நான் சின்னதாக ஒன்று சொல்லியிருந்தேன். அவர் கொண்டுவந்தது கோயில் மணி அளவில் இருந்தது.

"மாட்டறதே மாட்டறோம், நாலு ஊருக்குக் கேக்கட்டும் சார்" என்றார்.

அதைக் கூரை உச்சியில் ஏற்றினார்கள். நான் ஊர் திரும்பினேன். அடுத்த வாரம் முதலாளியிடமிருந்து போன் வந்தது.

"சார், உங்க மெஷின் ஊரையே கலைச்சிருச்சு. கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

நடந்தது இதுதான். ஆபரேட்டர் வழக்கம்போல எண்ணெய் வடித்திருக்கிறார். கருவி தன் கடமையைச் செய்திருக்கிறது. கூரையில் ஹூட்டர் அலறியிருக்கிறது. அந்தக் கரையில் அப்படி ஒரு அலறலுக்கு ஒரே அர்த்தம்தான்: கடல் உள்ளே வருகிறது. ஏலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் கூடைகளை அப்படியே போட்டுவிட்டு மேற்கே ஓடியிருக்கிறார்கள். கடல் வந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். ஏன் எதற்கு என்று நின்று கேட்கமாட்டார்கள்.

நான் போனபோது கருவி ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது. வாயைச் சுற்றிச் சணல் கயிறு வேறு. உறியில் தொங்கும் தயிர்ப்பானை மாதிரி இருந்தது.

"மூடி வெச்சதுலேருந்து சத்தமே இல்ல சார்" என்றார் ஆபரேட்டர். "நல்லா வேல செய்யுது."

கட்டியது அவரில்லை, அவருடைய மனைவி. இறங்குதளத்தில் மீன் வியாபாரம் செய்கிறவர். ஓடியவர்களில் அவரும் ஒருவர். விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டதும் அவர்தான். கட்டோடு நொண்டிக்கொண்டே வந்தார்.

"நீங்கதான் அந்த மெஷின்காரரா? ஒரு கூட வஞ்சிரம் போச்சு. காலும் போச்சு. அவுத்தீங்கன்னா மறுபடியும் கட்டுவேன்."

"அண்ணி, அவரு நம்ம நல்லதுக்குத்தான்..." என்று முதலாளி ஆரம்பித்தார்.

"நல்லதுன்னா ஒங்க வீட்டு மாடியில கட்டிக்குங்க."

எனக்கு முழங்காலைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. சாயங்காலம் அங்கே காற்று கடலிலிருந்து மேற்கே வீசும். நிஜமாகவே அம்மோனியா பெரிதாகக் கசிந்தால் அது போகிற வழியும் மேற்குதான். ஹூட்டரைக் கேட்டு இவர்கள் மேற்கே ஓடினால், ஐஸ் கம்பெனியைத் தாண்டி, வாயுவின் கூடவே ஓடுவார்கள். இதைச் சொன்னேன்.

"அப்ப, சங்கு ஊதினா கடலைப் பாத்து ஓடணுங்கிறீங்க" என்றார் அந்த அம்மா.

"ஓட வேணாம். காத்துக்குக் குறுக்க, கரையோரமாவே தள்ளிப் போனாப் போதும்."

"சங்கு சத்தத்தக் கேட்டுட்டு, கரையோரமா நடக்கணும். நல்லா இருக்கு. நீங்க எந்த ஊரு?"

"தஞ்சாவூர்."

"அதான்."

நான் பார்த்த மிகப் பெரிய அலை, கல்லணைக் கால்வாயில் எருமை இறங்கினால் வருவது.

"சரி, இந்த மெஷின் இல்லாட்டித்தான் என்ன? இத்தன வருஷம் இல்லாமத்தானே இருந்துச்சு?" என்று கேட்டார்.

"உள்ள இருக்கறவருக்குக் கேஸ் கசிஞ்சா வாசம் தெரியாதும்மா. அவருக்கு மூக்கு மரத்துப்போச்சு. அவரை வெளிய கூப்பிடத்தான் இது."

அந்த அம்மா புருஷனைப் பார்த்தார். ஆபரேட்டர் கம்ப்ரஸரைப் பார்த்தார்.

"போன மாசம் கருவாட்டுக் கொழம்பு அடிபுடிச்சுக் கருகுது, இந்த மனுசன் பக்கத்துல ஒக்காந்து செல்லு பாத்துக்கிட்டிருக்காரு" என்றார் அந்த அம்மா. "கவனக்கொறைவுன்னுல்ல நெனச்சேன்."

அவரே ஏணியைப் பிடித்துக்கொண்டு என்னை ஏறச் சொன்னார். சணல் முடிச்சு மீனவர் முடிச்சு. என்னால் அவிழ்க்க முடியவில்லை. கத்தியால் அறுத்தேன்.

பிறகு வேலை எளிதாயிற்று. கருவிக்கு இரண்டு வரம்பு வைத்தேன். எண்ணெய் வடிக்கும்போது வருகிற மாதிரி கொஞ்சமாக வந்தால், அறைக்குள் மட்டும் சத்தம். நிறைய வந்தால் வெளியே ஊருக்கும். ஆனால் எங்கேயும் சங்கு கிடையாது, மனுஷக் குரல். அந்தக் குரலை நானே போனில் பதிவு செய்தேன். "அம்மோனியா வாயுக் கசிவு ஏற்பட்டுள்ளதால் அனைவரும் உடனடியாகக் காற்றின் திசைக்குக் குறுக்காக வெளியேறவும்." போட்டுக் கேட்டோம். தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வருகிறது. 'வெளியேறவும்' வந்து சேர்வதற்குள் கேட்கிறவர் எல்லாவற்றிலிருந்தும் வெளியேறியிருப்பார். போதாக்குறைக்கு என் குரல் பஸ் ஸ்டாண்டில் தொலைந்த குழந்தையை அறிவிப்பதுபோல் இருந்தது.

"குடுங்க இங்க" என்று அந்த அம்மா போனை வாங்கினார். ஏலத்தில் பழகிய தொண்டை. "கடல் வரல, கேஸு. காத்துக்குக் குறுக்க நட." அவ்வளவுதான். உள் அறைக்கென்று தனியாக ஒன்று சொன்னார்: "வெளிய வா. வெளிய வாங்கிறேன்ல."

"வீட்டுலதான் இந்தக் குரலுன்னா, இங்கயுமா?" என்றார் ஆபரேட்டர்.

சோதனைக்காக அன்று மாலை எண்ணெய் வடிக்கச் சொன்னோம். இறங்குதளத்தில் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தோம். அவர் வால்வைத் திறந்தார். எனக்குக் கண் எரிய ஆரம்பிப்பதற்கு முன்பே மேலே சிவப்பு விளக்கு எரிந்தது, அறைக்குள் குரல் வந்தது. "வெளிய வா."

அவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "ஒண்ணும் இல்லியே சார்" என்றார்.

வாசலில் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தார். மேலே இருந்த அவருடைய குரல் மறுபடி சொன்னது. "வெளிய வாங்கிறேன்ல."

ஆபரேட்டர் வால்வை மூடினார். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எங்களைத் தாண்டி நடந்தார். வெளியே வந்ததும் ஒருமுறை நின்று, சட்டை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தார். அதற்குக் குறுக்கே போய், கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு கட்டுமரத்தில் உட்கார்ந்தார்.

"உள்ள போலாமா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

சிவப்பு விளக்கு இன்னும் அணையவில்லை.

"இன்னும் இல்ல" என்றேன்.

"அப்ப ஒரு டீயாவது சொல்லுங்க" என்றார்.