மரத்துக்குத் திரும்பிய கொழுந்து

அந்த வட்டைச் செய்யக் கற்றுக்கொடுத்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, பதுளையில் நடக்கும் விஞ்ஞானக் கண்காட்சிக்கு எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையிலிருந்து ஒரே ஒரு பொருள்தான் போகலாம் என்றார் டீச்சர். அன்றைக்கே போனில் தேடி, படம் அசையும் சுழல்வட்டு ஒன்றைப் பிடித்துவிட்டேன். கலண்டர் அட்டையை வட்டமாக வெட்டி, ஓரத்தில் ஒளி நுழையும்படி பன்னிரண்டு கீறல்கள் போட வேண்டும். ஒவ்வொரு கீறலுக்கும் கீழே ஒரு படம், முந்தியதைவிடக் கொஞ்சம் நகர்ந்தாற்போல. நடுவில் ஊசி குத்திப் பென்சிலில் பொருத்தி, கண்ணாடிக்கு முன்னால் சுற்றிவிட்டு, பின்னாலிருந்து கீறல் வழியே கண்ணாடியைப் பார்த்தால் படம் அசையும். பின்பக்கத்துக்குக் கறுப்படிக்காவிட்டால் ஒன்றும் தெளிவாகத் தெரியாது. அது விளங்குவதற்குள் எனக்கு மூன்று அட்டைகள் பாழாயின.

நான் துள்ளும் பந்து வரைந்தேன். வீடியோவிலும் அதுதான் இருந்தது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரி, என் வகுப்புதான், இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தனக்கும் ஓர் அட்டை கேட்டாள். கொடுத்தேன். கறுப்பு மையும் கொடுத்தேன். இவள் என்ன கிழித்துவிடப் போகிறாள் என்ற தைரியம்.

அவள் கொழுந்து எடுக்கும் தன் அம்மாவை வரைந்தாள். கிளையிலிருந்து கொழுந்து கைக்கு வந்து, தோளுக்கு மேலாகப் பறந்து, முதுகுக் கூடையில் விழுகிறது. பன்னிரண்டு படத்திலும் அந்தத் தோள் அச்சாக அவருடையது. பார்த்தபோதே எனக்கு வயிறு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டு அலுமாரிக் கண்ணாடி முன் அவள் வட்டைச் சுற்ற, அவளுடைய அம்மா கீறலில் கண்ணை வைத்தார். எதிர்ப்பக்கமாகச் சுற்றியதால், கொழுந்து கூடையிலிருந்து எழும்பி, கைக்கு வந்து, கிளையில் போய் ஒட்டிக்கொண்டது.

"எடுத்ததெல்லாம் மரத்துக்கே போயிருச்சுனா கணக்கப்புள்ள எதப் போட்டு நிறுப்பாரு?" என்றார். அவர் சிரித்த சிரிப்புக்கு லயமே திரண்டு வந்தது. என் பந்தைக் காட்டச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை இரண்டு வட்டுகளும் டீச்சர் மேசைக்குப் போயின. அவளுடையதை அவர் இரண்டாம் தரம் கையில் எடுத்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"டீச்சர், அவ பிழையா சுத்துறா. கொழுந்து பின்னுக்குப் போகுது."

"தெரியும் டீச்சர்," என்றாள் அவள். "நேரா சுத்துனா அம்மா தெனம் செய்யிறதுதானே. அதப் பாக்க எதுக்கு இவ்வளவு வேல?"

என் பந்து எந்தப் பக்கம் சுற்றினாலும் சரியாகத்தான் வரும் என்று சொல்லிப் பார்த்தேன். ஆமாம், எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்றார் டீச்சர். பாராட்டு என்றே நினைத்தேன். இல்லை என்று விளங்கப் பாதிப் பாடவேளை ஆனது.

அவளுடையதுதான் தெரிவானது. விளக்கம் எனக்குத்தான் தெரியும் என்பதால், பக்கத்தில் வைக்கும் அட்டையை எழுதும் வேலை மட்டும் என்னிடம் வந்தது. பார்த்த படம் கண்ணில் எப்படி ஒரு கணம் தங்குகிறது என்பதை அட்டை நிறையக் கொட்டை எழுத்தில் எழுதினேன். அடியில் மிஞ்சிய இடத்தில், 'செய்தவர்' என்று போட்டு, அவள் பெயரை எறும்பு அளவில் எழுதினேன்.

டீச்சர் அதை வாங்கிப் பார்த்தார். புது அட்டை ஒன்றைத் தந்து, இந்தத் தடவை பெயரிலிருந்து தொடங்கச் சொன்னார்.