எந்தத் துப்பாக்கி உசத்தி

சங்கரன்கோவில் சப்-ஜெயிலில் நான் பாரா நின்ற காலம். தோளில் த்ரீ நாட் த்ரீ. ஒரு குண்டு சுட்டால் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ள வேண்டும், அப்புறம்தான் அடுத்த குண்டு. நல்லவேளையாக, எனக்குச் சுடுகிற வேலையே வரவில்லை.

என் மனைவியின் தம்பி பட்டாளத்தில் இருந்தான். அவன் கையில் எஸ்.எல்.ஆர். இழுக்கிற வேலையே கிடையாது, விசையை அழுத்த அழுத்தச் சுடும். லீவில் அவன் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் எங்கள் வழக்கு ஆரம்பித்துவிடும்.

“நீங்க போல்ட்ட இழுத்து முடிக்கதுக்குள்ள எதிரி காப்பி குடிச்சிட்டுப் போயிருவான் அத்தான்.”

“எங்க துப்பாக்கி சேத்துல விழுந்தாலும் தொடச்சிட்டுச் சுடலாம் மாப்ளே. ஒன்னோடது தூசி பட்டாலே மொணங்குமாம்லா?”

என் குடையைத் தோளில் வைத்து எஸ்.எல்.ஆரின் நீளத்தைக் காட்டுவான். என் மனைவி வந்து குடையைப் பிடுங்கிக்கொண்டு, “சோறு ஆறுது, சண்டைய அப்புறம் வச்சுக்கிடுங்க” என்பாள். கடிதங்களிலும் இதே கதைதான். சுகமா என்று கேட்க மறந்தாலும் துப்பாக்கியை மறக்க மாட்டோம்.

எண்பதுகளின் கடைசியில் அவன் பட்டாளம் கடல் தாண்டி இலங்கைக்குப் போனது. அங்கிருந்து வீட்டு விலாசத்துக்கு எழுதாமல் ஜெயில் விலாசத்துக்கு எனக்கு ஒரு கடிதம் போட்டிருந்தான்.

‘இங்க அவங்க கையில இருக்கது ஏ.கே. அத்தான். நம்மதவிடக் குட்டை. முப்பது குண்டு, விடாமச் சுடுது. பொதருக்குள்ள நம்ம நீளத் துப்பாக்கியத் திருப்பவே எடமில்ல. நம்மது தோத்துட்டு. அக்காட்ட சொல்லாண்டாம்.’

அத்தனை வருஷத்தில் அவன் தோற்றதாக ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கோ ஜெயித்த குஷி. மடையன், அன்றைக்கே ஒரு இன்லண்டு லெட்டர் வாங்கிப் பதில் எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்துத் தந்தி வந்தது. உடல் வரவில்லை. அஸ்தி வந்தது, பிறகு அவனுடைய கறுப்பு டிரங்குப் பெட்டி வந்தது. சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்த என் மனைவியின் கையில் என் கடிதம் கிடைத்தது. ஓரத்தைக் கிழித்துப் பிரித்து, படித்து, நாலாக மடித்து வைத்திருந்தான். அவள் சத்தமாகவே வாசித்தாள்.

‘பயமா இருந்தா எங்க த்ரீ நாட் த்ரீய அனுப்பி வைக்கட்டுமா மாப்ளே?’

தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“பயமா இருக்குன்னு ஒங்களுக்கு எழுதியிருந்தானா?”

அவள் கேட்ட பிறகுதான் அவன் கடிதத்தை நான் சரியாகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். என்னிடம் மட்டும்தான் அவன் சொல்லியிருந்தான்.

“இல்ல” என்றேன். “துப்பாக்கியப் பத்தித்தான் எழுதியிருந்தான்.”