ஊர்சுற்றி மாத்திரை

ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் காலை அமுதவல்லி வீட்டை விட்டுப் போனாள். மொரப்பூரில் பாதிப் பேர் ஒகேனக்கலில் முங்கி எழுந்துவிட்டு, ஈரத்துணி மூட்டையும் சிவந்த கண்ணுமாக பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த நேரம். அந்தக் கூட்டத்துக்கு எதிரே, ஒயர் கூடையில் ஒரு சேலையும் ஒரு மாத்திரை அட்டையும் வைத்துக்கொண்டு அவள் ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்தாள். சமையலறை முறத்தில் உரித்த பூண்டு பாதி, உரிக்காத பூண்டு பாதி அப்படியே கிடந்தது.

அவளுடைய புருஷன் மாதவராஜுக்கு விஷயம் சாப்பாட்டு வேளையில்தான் தெரிந்தது. ஸ்டேஷன் ரோட்டில் மாவு மில் வைத்திருக்கும் மனிதர். மிளகாய் அரைத்துவிட்டு, மூக்கும் கண்ணும் ஒழுகச் சோற்றுக்கு வந்தவர், முறத்தைப் பார்த்தார். அக்கம்பக்கத்தில் விசாரித்தார். போன் போட்டால் அவள் எடுக்கவில்லை. மறுநாள் அவளே கூப்பிட்டாள்.

"எங்க இருக்கற?"

"ஹூப்ளிங்க."

"அங்க யாரு இருக்கறாங்க?"

"யாரும் இல்லீங்க. மழை பெய்யுது."

அடுத்த நாள் திரும்பி வந்து, மிச்சப் பூண்டை உரிக்க உட்கார்ந்தாள். ஹூப்ளியில் என்ன பார்த்தாய் என்று கேட்டதற்கு, ஸ்டேஷனைப் பார்த்தேன் என்றாள்.

வேறு எந்தப் பெண் இப்படிப் போயிருந்தாலும் ஊர் இரண்டு நாள் பேசிவிட்டு விட்டிருக்கும். அமுதவல்லி போனதுதான் யாருக்கும் ஜீரணமாகவில்லை. மில்லுக்குப் பின்னால்தான் தண்டவாளம். கல்யாணமாகி முப்பது வருஷமாக ரயில் சத்தத்தில்தான் தூங்கி எழுகிறாள். ஒரு நாளாவது அந்தப் பக்கம் தலையைத் திருப்பியதில்லை. பழனிக்குக் கூப்பிட்டால், முருகன் இங்கே காலண்டரிலேயே நன்றாக இருக்கிறார் என்பாள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் வீட்டுக்குப் பால் காய்ச்சுவதற்குக்கூட வீடியோ காலில்தான் போனாள்.

எல்லாம் ஹூப்ளிக்குச் சில மாதம் முன்பே கை நடுக்கத்தில் ஆரம்பித்தது. மில்லில் மாவு அள்ளும்போது வலது கை ஆடுவதைப் பார்த்து, மோட்டார் அதிர்வு கைக்கு ஏறிவிட்டது என்றுதான் இரண்டு பேரும் முதலில் நினைத்தார்கள். மோட்டாரை நிறுத்தினார்கள். கை நிற்கவில்லை. சேலத்தில் நரம்பு டாக்டர் பிரியதர்ஷினி அவளை நடக்கவிட்டு, விரலைத் தட்டவிட்டுப் பார்த்து, மூளையில் ஒரு சரக்கு குறைந்துவிட்டது என்று சொல்லி ஒரு சின்ன மாத்திரை எழுதிக் கொடுத்தார். பொட்டு அளவுதான் இருக்கும். கை நின்றது. கால் நிற்கவில்லை.

முதலில் டவுன் பஸ்தான். பெண்களுக்கு டிக்கெட் கிடையாதே. அரூர் போய்விட்டு வருவாள். கம்பைநல்லூர் போய்விட்டு வருவாள். இறங்குவாள், ஒரு டீ குடிப்பாள், அடுத்த பஸ் எங்கே போகிறதோ அதில் ஏறுவாள். ஒரு மாதத்தில் மாவட்டத்து டவுன் பஸ் கண்டக்டர்கள் பாதிப் பேர் அவளுக்கு அண்ணன் தம்பி ஆனார்கள். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் எந்த பஸ் எங்கே நிற்கும் என்று வெளியூர்க்காரர்கள் அவளிடம் வழி கேட்டார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? மாதவராஜின் அக்கா கோவிந்தம்மாள், இது செய்வினை என்று எலுமிச்சம்பழத்தோடு வந்து இறங்கினாள். சுற்றிப்போட ஆளைத் தேடினால், ஆள் பாப்பிரெட்டிப்பட்டி பஸ்ஸில் போயிருந்தது. டீக்கடையில் வேறு ஆராய்ச்சி. மாதவராஜின் குறட்டைதான் காரணம் என்று ஒரு கட்சி, வீட்டுச் சுவரெல்லாம் மிளகாய் நெடி ஏறிப்போனதுதான் காரணம் என்று இன்னொரு கட்சி.

மாதவராஜ் வெளியே சொல்லாத ஆராய்ச்சி ஒன்று அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவள் எங்கேயோ போகவில்லை. என்னை விட்டுத்தான் போகிறாள். எந்த ஊர் என்பதே அவளுக்கு முக்கியமில்லை என்றால், இந்த ஊராக இருக்கக் கூடாது என்பதுதானே முக்கியம்? இந்த ஊரில் தன்னைத் தவிர வேறென்ன இருக்கிறது? இருவேளை குளிக்க ஆரம்பித்தார். கழுத்துக்குப் பவுடர் போட்டார். சாயங்காலம் தவறாமல் மல்லிகைப்பூ வாங்கி வந்தார். அவள் மறுக்காமல் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு காலையில் பஸ் ஏறினாள். அவர் வாங்கிக் கொடுத்த பூ தினம் ஒரு ஊர் பார்த்தது.

ஹூப்ளிக்குப் பிறகுதான் டாக்டரிடம் மறுபரிசோதனை வந்தது. டாக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். புதுசா ஏதாவது பழக்கம் உண்டா, கைமீறிச் செலவு செய்கிறார்களா, சீட்டு ஆடுகிறார்களா? ஒவ்வொரு தடவையும் கேட்பார். ஒவ்வொரு தடவையும் மாதவராஜ் பெருமையாகத் தலையாட்டி மறுப்பார். அவருக்குப் பழக்கம் என்றால் காசு போகவேண்டும். காசு போகாததும் பழக்கம்தான் என்று அவருக்குச் சொல்லித் தர ஆளில்லை. இந்தத் தடவையும் அதையேதான் சொன்னார்.

"செலவே இல்லீங்க மேடம். ஹூப்ளி ஒண்ணு போக, எல்லாம் ஃப்ரீ பஸ்தான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

ஹூப்ளி வரை கதை கேட்டுவிட்டு அமுதவல்லியிடம் திரும்பி, யாராவது பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி இருக்குமா, காதில் குரல் ஏதாவது கேட்குமா என்றார். அவள் யோசித்தாள். அப்படியெல்லாம் இல்லை, தாகம் எடுத்தால் தண்ணீர் குடிப்பது மாதிரிதான், தானேதான் போனேன் என்றாள்.

பிறகு டாக்டர் விளக்கினார். கையை அடக்குகிற சரக்குதான் மூளையில் வேறொரு இடத்தில் ஆசையையும் கிளப்புகிறது. மாத்திரை அந்தச் சரக்கு மாதிரி வேஷம் போட்டு உள்ளே போகிறது. போன இடத்தில் கையை மட்டும் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. சில பேர் சீட்டில் உட்கார்ந்து வீட்டை விற்பார்கள். சில பேர் பார்த்ததையெல்லாம் வாங்குவார்கள். சில பேர் தின்றுகொண்டே இருப்பார்கள். சில பேருக்கு, என்று டாக்டர் கொஞ்சம் தொண்டையைச் செருமி, அந்த விஷயத்தில் ஆர்வம் கூடிவிடும் என்றார்.

உலகத்தில் எத்தனை வழி இருக்க, தன் வீட்டில் அது அரூர் பஸ்ஸாகப் போய்விட்டதே என்று மாதவராஜுக்கு ஒரு நொடி தோன்றியது. உடனே முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டார். ஆனால் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியிருந்தது. குறட்டை இல்லை, மிளகாய் இல்லை, தானும் இல்லை. மாத்திரை.

அப்போதுதான் அமுதவல்லி கேட்டாள். "ஏங்க டாக்டரம்மா, இருபது வயசுல இவரைத்தான் கட்டிக்குவன்னு எங்க வூட்ல அடம் புடிச்சேன். அரைச்ச கேழ்வரகையே மறுபடி அரைக்கக் கொண்டுபோயி இவங்க மில்லு வாசல்ல நின்னேன். அப்ப நான் ஒரு மாத்திரையும் திங்கலியே. அது என்னாதுங்க?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுவும் இதே சரக்குதாம்மா. அப்ப உங்க உடம்பே தயாரிச்சுது."

ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் மாதவராஜ் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். ஹூப்ளியை மாத்திரைக் கணக்கில் எழுதினால், அவள் தன்னைக் கட்டிக்கொண்டதையும் அந்தக் கணக்கிலேயே எழுதவேண்டி வரும். கேழ்வரகு அவள் கணக்கு என்றால், ஹூப்ளியும் அவள் கணக்கு. எந்தப் பக்கம் திருப்பினாலும் தனக்குத்தான் உதைக்கிறது. கடைசியில் அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு, மீதியை டீக்கடையில் சொன்னார். நரம்புக் கோளாறு, டாக்டரே சொல்லிவிட்டார், என் குறட்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு நாள் தெருத்தெருவாகச் சொன்னார். கோவிந்தம்மாள் மட்டும், செய்வினையை யாரோ மாத்திரையில் வைத்துவிட்டார்கள் என்று தன் கட்சியைத் திருத்திக்கொண்டாள்.

மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, வேறொன்று கொடுத்தார்கள். கை கொஞ்சம் ஆடியது. நடையும் கொஞ்சம் மெதுவானது. ஐப்பசி முடிவதற்குள் பஸ் ஆசை போய்விட்டது. ஹாரன் அடித்தாலும் அவள் நிமிர்வதில்லை. வாசலில் அரூர் வண்டி நின்று, கண்டக்டரே எட்டிப் பார்த்து, என்னக்கா வரலையா என்று கேட்டதற்கு, போப்பா என்று கையைக் காட்டினாள்.

மாதவராஜ் ஜெயித்தாயிற்று. ஆனால் ஜெயித்தது என்ன என்றுதான் விளங்கவில்லை. என்ன குழம்பு வைக்கட்டும் என்று அவள் கேட்பதில்லை. இவர் கேட்டால், ஏதோ ஒன்று என்பாள். பூ வாங்கி வந்தால் சாமி படத்துக்கு வைத்துவிடுவாள். மகன் போனில் அரை மணி நேரம் பேசினால், முழுக்கக் கேட்டுவிட்டு, சரி சாமி என்பாள். அவளுக்குக் கோபம் இல்லை, அழுகை இல்லை. உடம்புக்கு என்ன என்று கேட்டால், நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். பொய்யும் சொல்லவில்லை. ரயில் போகும்போது மட்டும், மறந்த ஒரு பேரை ஞாபகப்படுத்துகிறவள் மாதிரி, கொஞ்ச நேரம் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பஸ்ஸில் சுற்றியவளாவது சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். வீட்டிலேயே இருக்கும் இவள் திரும்பி வந்த மாதிரி தெரியவில்லை.

தை பிறந்து ஒரு நாள், யாரும் காதில் வாங்கிவிடக் கூடாது என்று மோட்டார் ஓடும்போதே மாதவராஜ் அவள் பக்கத்தில் போய்ச் சொன்னார்.

"அமுதா, சும்மா ஒரு பஸ்ஸு போய்ட்டுத்தான் வாயேன்."

"என்னாத்துக்குங்க?" என்றாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

மாசியில் ஒரு காலை, அவர் கம்பு அரைத்துக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. வாட்ஸ்அப்பில் அமுதவல்லியின் குரல் செய்தி. வீட்டில் இருப்பவள் எதற்குச் செய்தி அனுப்புகிறாள் என்று நினைத்தபடி மோட்டாரை நிறுத்தி, மாவுக் கையோடு வாசலுக்கு வந்து காதில் வைத்தார். பின்னால் ஸ்டேஷன் அறிவிப்பு கேட்டது. அவள் குரல் நிதானமாக, கொஞ்சம் மூச்சு வாங்கியபடி வந்தது.

"ஏங்க, நான் ஸ்டேஷன்ல இருக்கறேன். நடந்து வரதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. வண்டி வந்துடுச்சு, இதோ நிக்குது. போகணும்னு எனக்கு ஒண்ணும் ஆசையில்லீங்க, சத்தியமா. ஆனாலும் ஏறறேன். ஏறி உக்காந்தா அந்த ஆசை வருதான்னு பாக்கறேன். வரலைன்னா ஜோலார்பேட்டையில எறங்கித் திரும்பிடறேன். வந்துச்சுன்னா போன் பண்றேன்."