கூடைக் கட்டி

போன வெள்ளிக்கிழமை அம்மாவின் காரியம். அவளோடு மீன் விற்ற கூடைக்காரப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். சின்னம்மா விடியற்காலையிலேயே வந்துவிட்டாள். நைனாதான் இல்லை. வலையை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டார். யாரும் அவரைக் கூப்பிடவும் இல்லை.

அம்மாவின் குரலைப் பற்றி இந்தப் பத்தித் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். கவரைப்பேட்டையில் அவள் ‘மீனேய்...’ என்றால், ரெண்டு தெரு தள்ளிச் சட்டி கழுவ ஆரம்பிப்பார்கள்! அந்த வாய்க்குத்தான் வந்தது.

முதலில் கழுத்தில் ஒரு கட்டி. எலுமிச்சம்பழம் அளவு. வலி கிடையாது. எங்கள் பக்கத்தில் அதற்குக் கூடைக் கட்டி என்று பேர் — தலைச்சுமை தூக்குகிற பெண்களுக்கு வருமாம். ஆறு வருஷம் இருந்தது. யார் கவலைப்பட்டோம்?

பிறகு தாடை வீங்கியது. கடைவாய்ப் பல் ஆடியது. சந்தையில் பல் பிடுங்குகிறவர் பிடுங்கினார். ரத்தம் நிற்கவே இல்லை. அந்தக் குழியில் சதை வளர்ந்தது.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சீட்டு எழுதும் ஜன்னலில் ‘என்ன தொந்தரவு?’ என்றார்கள். ‘பல்லு சார்’ என்றேன். பல் டாக்டர் ‘வேறு ஏதாவது?’ என்று கேட்டார். ‘ஒண்ணுமில்லை’ — அதையும் நான்தான் சொன்னேன். அம்மா முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தாள். மூன்று மாதம் மருந்துத் தண்ணீரில் வாய் கொப்பளித்தாள்.

அப்புறம் வேறொரு டாக்டர் முந்தானையை விலக்கினார்.

‘இது எத்தனை வருஷமா இருக்கு?’

‘அது கூடக் கட்டி சார். அதுக்கோசரம் வரல’ என்றாள் அம்மா.

தைராய்டு சுரப்பியில் கேன்சர். அங்கிருந்துதான் தாடை எலும்புக்குப் பரவியிருக்கிறது. ‘முன்னாலேயே வந்திருந்தால்...’ என்றார்.

கடைசியில் அம்மா கையால்தான் பேசினாள். படிக்காதவர் தப்புச் செய்தால் விதி என்கிறோம். படித்தவன் செய்தால்? அதற்கு என்ன பேர்?

வெள்ளிக்கிழமை, படையல் வைக்கக் குனிந்த சின்னம்மாவின் கழுத்தைப் பார்த்தேன். கோலிக்குண்டு அளவு.

‘திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போலாம், சின்னம்மா.’

‘இன்னாடா, எதப் பாத்தாலும் உனுக்கு அதுவாவே தெரியுதா? படிச்சவன் பேஜாரு தாங்கலப்பா!’

சிரித்தாள். கை மட்டும் கழுத்துக்குப் போய் வந்தது.

‘அதுவா இல்லாமலும் இருக்கலாம். டாக்டர் சொல்லட்டும். இந்த வாட்டி ஜன்னல்ல கழுத்துன்னு சொல்றேன்.’

சின்னம்மா முந்தானை முடிச்சைத் தடவிப் பார்த்தாள்.

‘எவ்ளோ டப்பு ஆவும்? அக்காவுக்கு எவ்ளோ ஆச்சு?’

‘ஆஸ்பத்திரில எல்லாம் இலவசம். ரயில் சார்ஜ வுட்டா, மொத்தம் ரெண்டு ரூபா.’

‘அது இன்னாத்துக்கு?’

‘சந்தைல பல்லு புடுங்கனதுக்கு.’