கறுப்புக் கோடு விழுந்த கண்ணாடி

என் மேசையில் ஒரு சிறிய கண்ணாடித் தகடு இருக்கிறது. மின்சாரம் கொடுத்தால் மங்கலான பச்சையில் ஒளிரும். நடுவே ஒரு கறுப்புக் கோடு. இதைத் தூக்கிப் போடச் சொல்லாத ஆளில்லை. போடமாட்டேன்.

மைசூரில் எங்கள் ஆய்வுக்கூடத்தில், ஒளிரும் பாலிமரைக் கரைத்து மையாக்கி, இங்க்ஜெட் பிரிண்டரால் கண்ணாடியில் துளித்துளியாக அச்சிட்டுத் திரை செய்து பார்த்துக்கொண்டிருந்தோம். பிரிண்டரை இயக்கியவர் தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் எல்லோருக்கும் பிரிண்டர் அக்கா. அந்த மை கொஞ்ச நேரம் சும்மா நின்றால், பிரிண்டரில் அது சொட்டும் துளையிலேயே காய்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு தகட்டுக்கும் முன்னால் ஒரு கழிவுக் கண்ணாடியில் சில துளிகளைச் சிந்தவிடுவார். “வாய் கொப்பளிக்கட்டுமுங்க” என்பார். நான் சிரிப்பேன். இன்ஜினியர் என்ற திமிர்.

நிதி தருகிற குழு வருவதற்கு முந்தைய நாள் மதியம் அவர் சாப்பிடப் போயிருந்தார். அவசரத்தில் நானே அச்சிட்டேன், துளி சிந்தவிடாமல். ஒரு துளை அடைத்துக்கொண்டது. பத்துத் தகடுகளில் மூன்றில் கறுப்புக் கோடு. ஆய்வுக்கூடத் தலைவர் பார்த்தார். நல்ல தகடு ஒன்றை மட்டும் காட்டி, எல்லாமே அப்படித்தான் வந்தன என்று சொல்லிவிடலாம் என்றார். நானும் தலையாட்டினேன்.

மறுநாள் அக்கா பத்துத் தகடுகளையும் தட்டோடு கொண்டுவந்து குழுவின் முன் வைத்தார். தலைவர் முறைத்ததைக் கண்டுகொள்ளாமல், கோடு விழுந்ததையே முதலில் எரியவிட்டார். “ஒரு துளை அடைச்சுக்கிச்சுங்க. பத்துல மூணு போச்சு. அதையும் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.” யார் அடைக்கவிட்டது என்று ஒருவர் கேட்டார். “மிசின் என் பொறுப்புங்க” என்றார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அந்த மாதமே அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். போகும்போது அந்தத் தகட்டை என் கையில் கொடுத்து, “வெச்சுக்கோங்க சார்” என்றார். இன்றைக்கும் அது சுடுகிறது.

இப்போது தலைவர் நான். போன வாரம் புதிய குழு வந்தது. நல்லதை மட்டும் காட்டுங்கள் என்ற அதே யோசனையும் மேலிடத்திலிருந்து வந்தது. முடியாது என்றேன். திட்டம் போனால் போகட்டும். ஸ்டோரிலிருந்து அக்காவை வரவழைத்தேன். எல்லாத் தகடுகளையும் பரப்பி, அவற்றுக்கு முன்னால் இந்தப் பழைய தகட்டை வைத்து எரியவிட்டேன். “இதை அடைக்கவிட்டது நான். பழி இவர் மேல் விழுந்தது” என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். “இதச் சொல்ல இத்தன வருசம் ஆச்சுங்களா சார்?”

குழு என்ன முடிவெடுக்கிறதோ எடுக்கட்டும். திங்கட்கிழமையிலிருந்து பிரிண்டர் அக்கா பிரிண்டரில்தான். தகடு என் மேசையில்தான்.