பெயிண்டர் கேட்ட கட்டுரை

பெயிண்டருக்குச் சுவரைக் கண்டால் சுறுசுறுப்பு, எழுத்தைக் கண்டால் தூக்கம். வாய்த்த மனைவியோ இணைய இதழில் கட்டுரை எழுதுகிறவர். கட்டுரை வந்ததும் ஆசையாகக் கைபேசியை நீட்டுவார். மனிதர் நாலு வரி தாண்டுவதற்குள் கொட்டாவி விட்டுவிட்டு, "படிச்சிட்டேன்மா, பிரமாதம்!" என்று ஒரே போடாகப் போடுவார். சந்தேகம் வந்த மனைவி ஒருநாள், எழுதவே எழுதாத ஒரு கட்டுரையைப் பற்றிக் கேட்டுப் பார்த்தார். அதுவும் பிரமாதமாம்!

அன்றோடு காட்டுவதை நிறுத்திவிட்டார். சண்டை இல்லை, முகம் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. பெயிண்டருக்குத்தான் மனசு உறுத்திக்கொண்டே இருந்தது.

சுவருக்குப் பட்டி பார்க்கும் கூட்டாளிதான் வழி சொன்னார். "எழுத்தக் குடுத்தா அதுவே வாசிச்சுக் காட்டுற ஆப் இருக்குண்ணே. ஆடியோவா ஏத்தி வச்சுக்கிட்டா, ஏணியில நின்னுக்கிட்டே கேக்கலாம்."

மறுநாள் ஒரு வீட்டு மாடியறையில், கையில் ரோலரும் காதில் இயர்போனுமாகப் பெயிண்டர் ஏணி ஏறினார். விருந்தாளிக்கென்று அலமாரியில் பூட்டி வைக்கும் நல்ல கோப்பைகளைப் பற்றி மனைவி எழுதிய கட்டுரை அது. ஏற்ற இறக்கமில்லாத குரல், முற்றுப்புள்ளிக்குக்கூட மூச்சு வாங்காமல் வாசித்தது. ஆச்சரியம், தூக்கம் வரவில்லை! 'நம் வீட்டுக்கு நம்மைவிடப் பெரிய விருந்தாளி யார்?' என்ற இடத்தில் வாய்விட்டே சிரித்தார். நம்ம வீட்டு ஆளா இப்படி எழுதுவது என்று பெருமை பிடிபடவில்லை. அப்போதுதான் அதே குரல், அதே வேகத்தில், 'இதையெல்லாம் எழுத இந்தம்மாவுக்கு வீட்டில் வேறு வேலையே இல்லையா' என்று சொல்லி நின்றது. பெயிண்டரின் முகம் செத்துப்போனது. அன்று சாயங்காலம்வரை வேலையே ஓடவில்லை.

வீட்டுக்கு வந்தவர் கைகால்கூடக் கழுவாமல் சமையலறை வாசலில் நின்றார்.

"ஏம்மா, உனக்கு வேற வேலையே இல்லையான்னு நான் என்னைக்காவது கேட்டிருக்கேனா?"

"இதென்ன பேச்சு? யார் சொன்னா?"

"நீதான் எழுதியிருக்க! கோப்பையப் பத்தி அவ்வளவு அழகா சொல்லிட்டு, கடைசி வரியில உன்னையே மட்டம் தட்டிக்கிட்டா எப்படி? அதை எடுத்துடு. கேக்கவே கஷ்டமா இருக்கு."

மனைவிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கைபேசியைத் திறந்து பார்த்தார். கட்டுரைக்குக் கீழே யாரோ ஒரு வாசகர் போட்ட கருத்து அது. அதையும் சேர்த்து வாசித்துத் தொலைத்திருக்கிறது அந்தக் குரல். விஷயத்தைச் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

பெயிண்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எவன் அவன்? துரைக்கு வேற வேலை இல்லாமத்தான் முழுசாப் படிச்சாராமா?"

மனைவியின் சிரிப்பு சட்டென்று நின்றது. "நீங்க முழுசாக் கேட்டீங்களா?"

"கேக்காமலா சண்டைக்கு வந்து நிக்கிறேன்?"

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்:

"புதுசா ஒண்ணு எழுதிட்டிருக்கேன். இன்னும் பாதிகூட முடியல. அனுப்பட்டுமா?"